கட்டில், மேசை, இருக்கை, விளக்கு

பொதுக்காலம் 13-ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு
2 அரசர்கள் 4:8-11, 14-16, உரோமையர் 6:3-4, 8-11, மத்தேயு 10:37-42



சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத் திருப்பலிக்காகக் காரைக்குடிப் பக்கம் போயிருந்தேன். எல்லாம் முடிய வெகுநேரமாகிவிட்டது. மணமகன் வீட்டார் நான் இரவு தங்குவதற்குப் பக்கத்து ஊரில் ஓர் அறை ஏற்பாடு செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், அது நூறு ஆண்டுப் பழைய நகரத்தார் வீடு. வீட்டுக்காரர்களே அதை விருந்தினர் விடுதியாக நடத்திவருகிறார்கள். உள்முற்றமான வளவைச் சுற்றியிருந்த அறைகளில் ஒன்றை எனக்குத் திறந்துவிட்டார்கள்.

பர்மாத் தேக்கில் கடைந்த உயரமான கட்டில். ஏறிப் படுக்க ஒரு சின்னப் படிப்பலகை. ஓரத்தில் எழுதுமேசை, பிரம்பு பின்னிய நாற்காலி. ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி. அலமாரியின் மேல் எனாமல் தூக்குகள் வரிசையாக இருந்தன. சுவரில் ஒரு தம்பதியின் கறுப்பு வெள்ளைப் படம். காலடியில் ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் ஓர் ஆச்சி. எழுபது வயதைத் தாண்டியவர். "எங்க அப்பத்தா சீராக் கொண்டாந்த கட்டிலு, சாமி. எங்க அப்பச்சி பொறந்தது இந்த அறையிலதான்" என்றார். நான் கேட்டேன்: "இவ்வளவு அருமையான சாமான்களை முன்பின் தெரியாதவர்கள் புழங்குகிறார்களே, ஆச்சி. மனசுக்குக் கஷ்டமாக இல்லையா?"

அவர் கட்டிலின் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தேக்கைக் கரையான் தின்னாது, சாமி. பூட்டுத்தான் தின்னும். இந்த அறை இருவது வருசம் பூட்டிக் கெடந்துச்சு. வௌவால் அடைஞ்சுச்சு, ஓடு ஒடைஞ்சு மழைத்தண்ணி எறங்குச்சு. நாலு பேர் வந்து படுத்து எந்திரிக்க ஆரம்பிச்ச பெறகுதான் இதுக்கு உசுரு வந்துச்சு."

இன்றைய முதல் வாசகத்தைப் படித்து மறையுரைக்குத் தயாரித்தபோது அந்த ஆச்சியின் குரல்தான் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. இந்த வாசகமும் ஒரு விருந்தினர் அறையைப் பற்றியதுதானே!

சூனேம் என்ற ஊர். வசதியான ஒரு பெண்மணி. அந்த வழியாக அடிக்கடி போய்வரும் இறைவாக்கினர் எலிசாவைக் கவனிக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். அவரும் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் சாப்பிடுகிறார். பிறகு அந்தப் பெண் கணவரிடம் பேசுகிறார்: நம் வீட்டு வழியாகப் போகிறவர் கடவுளின் மனிதர், மாடியில் அவருக்கென்று சிறியதாக ஓர் அறை கட்டுவோம். அந்த அறையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். கட்டில், மேசை, இருக்கை, விளக்கு. விவிலியம் இந்த நான்கு பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது.

ஏன் இந்த நான்கு? களைத்து வருகிறவர் படுக்கக் கட்டில். சாப்பிடவும் எழுதவும் மேசை. உட்கார்ந்து பேச இருக்கை. நள்ளிரவில் விழித்து இறைவனிடம் மன்றாட விளக்கு. வந்தவருக்கு என்ன தேவைப்படும் என்று தாயைப் போல யோசித்து வைத்த பொருள்கள் இவை. தன் வீட்டுச் செல்வத்தைக் காட்டுவதற்காக அந்தப் பெண் எதையும் அங்கே வைக்கவில்லை. மிஞ்சியதையும் உடைந்ததையும் அங்கே கொண்டுபோய்ப் போடவும் இல்லை.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். புதுவீடு கட்டும்போது மாடியில் ஓர் அறை போடுகிறோம். ‘கெஸ்ட் ரூம்' என்று பெயரும் வைக்கிறோம். இரண்டு வருடத்தில் அங்கே என்ன இருக்கிறது? பழைய அட்டைப் பெட்டி, ஓடாத மின்விசிறி, பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் குடில் சாமான். ‘கெஸ்ட்' மட்டும் வருவதே இல்லை.

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக்கு மீண்டும் வருகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அந்தப் பெரிய வீடுகள் நிற்கின்றன. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய் வணிகம் செய்த நகரத்தார் கட்டியவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, நம் மண்ணின் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு. அவர்கள் வழக்கில் ஒவ்வொரு திருமணமும் ஒரு ‘புள்ளி'. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை. மருமகள் கொண்டுவந்த சீர் முழுவதும் அந்த அறையில்தான். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது; போரிலும் அதன் பின் வந்த மாற்றங்களிலும் பல குடும்பங்கள் அங்கே வைத்திருந்ததை இழந்தன. பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். வீடு இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள், எத்தனையோ சாவிகள். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும்.

அப்படிப் பூட்டிய வீடுகளில் சில, நாளடைவில் இடிக்கப்பட்டன. அங்கிருந்த சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பார்க்கலாம். கடை கடையாகப் பழம்பொருள்கள். யாரோ ஒரு தாத்தாவின் கணக்குப் பெட்டி, யாரோ ஒரு பாட்டியின் அஞ்சறைப் பெட்டி, யாரோ ஒரு குழந்தையின் தொட்டில். விலைச்சீட்டு இருக்கும்; அது யாருடைய தொட்டில் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சில குடும்பங்கள் வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டன. காரைக்குடியின் ‘பங்களா' என்ற பழைய கட்டடம் 1990-களின் இறுதியில் விருந்தினருக்குத் திறக்கப்பட்டது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகள் விசாலாட்சிக்கென்று கட்டிய ‘விசாலம்' வீட்டில் இன்று உலகின் எந்த மூலையிலிருந்து வருகிறவரும் தங்குகிறார். எனக்கு இடம் தந்த ஆச்சியின் வீடும் அதே வழியில் வந்ததுதான். அங்கே தொட்டில் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்கிறது. கேட்பதற்கும் ஆள் வருகிறது.

அன்பானவர்களே, இப்போது நற்செய்திக்கு வருவோம். இன்றைய நற்செய்தியின் முதல் வரி நம்மில் பலருக்கு நெருடலாக இருக்கும். தந்தையையோ தாயையோ, மகனையோ மகளையோ தம்மைவிட அதிகமாக நேசிப்பவர் தமக்குத் தகுதியற்றவர் என்கிறார் இயேசு. குடும்பமே உலகம் என்று வாழ்கிற நமக்கு இது கடினமான சொல். ஆனால் அதே பகுதி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சீடரை வரவேற்கிற வீடு தம்மையே வரவேற்கிறது என்று முடிகிறது. தாகத்தோடு வந்த சின்னஞ்சிறியவருக்குக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று முடிகிறது. குடும்பத்தில் தொடங்கிய பேச்சு, விருந்தினரிடம் வந்து நிற்கிறது.

இந்த இரண்டையும் இணைப்பது என்ன? பெற்றோரை வெறுக்கச் சொல்லவில்லை ஆண்டவர். அவர்களை மதிக்கச் சொன்ன கட்டளையைத் தந்தவரே அவர்தாம். குடும்பத்தை அதற்கும் மேலான ஓர் அன்புக்காகத் திறந்து வைக்கச் சொல்கிறார். அப்பத்தாவின் கட்டிலை நேசிக்க இரண்டு வழி உண்டு. யாரும் தொடக்கூடாது என்று அறையைப் பூட்டிவிடலாம். களைத்து வந்த ஒருவரை அதில் படுக்கச் சொல்லலாம். முதல் வழியில் கட்டில் மட்டும் மிஞ்சும். இரண்டாவது வழியில் அப்பத்தாவின் அன்பு இன்னொரு தலைமுறைக்கும் வாழும். தன் உயிரைக் காக்க நினைப்பவர் அதை இழப்பார் என்று இயேசு சொன்னதன் பொருளை, ‘பூட்டுத்தான் தின்னும்' என்ற ஆச்சியின் பேச்சில் நான் கேட்டேன்.

ஆத்தங்குடி ஓட்டைப் பற்றிச் செட்டிநாட்டில் ஒன்று சொல்வார்கள். நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு கூடும் என்று. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். நாலு பேர் கால் படாத வீட்டில் என்ன ஒளி இருக்கப் போகிறது?

உங்களில் ஒருவர் கேட்கலாம்: "ஃபாதர், அவர்கள் காசு வாங்கிக்கொண்டுதானே இடம் கொடுக்கிறார்கள்? அது விருந்தோம்பலா?" நேர்மையான கேள்வி. நல்ல சமாரியர் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் எங்கே கொண்டுபோனார்? ஒரு சாவடிக்கு. இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சாவடிக்காரர் காசு வாங்கினார். ஆனால் குற்றுயிராய்க் கிடந்த ஒருவரைத் தன் கூரைக்குள் விட்டு, அவர் எழுந்து நடக்கும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். இரக்கம் நிலைத்து நிற்க அவருடைய கூரையும் வேண்டியிருந்தது. அந்தச் சாவடிக்கு லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் ‘பண்டோக்கெயோன்'. எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அதன் பொருள். நேர்மையாகத் தொழில் செய்து, வருகிறவரை மனிதராக மதிக்கும் எந்த விடுதிக்காரரும் இந்தப் பெயருக்கு உரியவரே.

ஆனால் காசில்லாதவருக்கு யார் கதவு திறப்பார்? அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

லூக்கா இன்னொரு சொல்லையும் கையாளுகிறார்: ‘கத்தாலுமா'. தங்கும் அறை என்று பொருள். அந்தச் சொல் அவருடைய நற்செய்தியில் இரண்டே இடத்தில் வருகிறது. முதலில் பெத்லகேமில்: மரியாவுக்கும் யோசேப்புக்கும் கத்தாலுமாவில் இடம் கிடைக்கவில்லை. பிறகு எருசலேமில், இயேசு இறப்பதற்கு முந்தின இரவு: பாஸ்கா உணவை உண்ணும் கத்தாலுமா எங்கே என்று சீடர்கள் போய்க் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் மேல்மாடியில் எல்லாம் அமைத்து வைத்த பெரிய அறையைக் காட்டுகிறார். பிறந்தபோது மறுக்கப்பட்டது, இறக்கும் முன் கொடுக்கப்பட்டது. மாற்கு எழுதும்போது, அந்த அறையை இயேசு ‘என் அறை' என்றே சொல்கிறார். வேறொருவர் வீட்டு அறை அது! நமக்காக ஒருவர் திறந்து வைத்த அறையை ஆண்டவர் தம்முடையதாகவே ஏற்றுக்கொள்கிறார். நற்கருணை பிறந்தது அந்த இரவல் அறையில்தான். பெயர் சொல்லப்படாத ஒரு வீட்டுக்காரர் மாடியறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அங்கிருந்துதான் பசியாறுகிறோம்.

புனித யோவான் கிறிசோஸ்தோம் நான்காம் நூற்றாண்டில் பிறந்தவர்; கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயராக இருந்தவர். திருத்தூதர் பணிகளைப் பற்றிய மறையுரை ஒன்றில் அவர் இந்தச் சூனேம் அறையைத்தான் மக்கள்முன் எடுத்து வைக்கிறார். உங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்குங்கள், அதில் கட்டிலும் மேசையும் விளக்கும் வையுங்கள், அது கிறிஸ்துவின் அறையாக இருக்கட்டும், எளிய இடமென்று அவர் ஒதுக்க மாட்டார் என்கிறார். அந்தக் காலத்திலும் சிலர், ‘வழிப்போக்கரைப் பார்த்துக்கொள்ளத்தான் திருச்சபையின் விடுதி இருக்கிறதே' என்று ஒதுங்கினார்கள். திருச்சபை கொடுப்பது உன் கணக்கில் எப்படிச் சேரும் என்று ஆயர் திருப்பிக் கேட்டார். இன்று நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "கன்னியர் இல்லம் இருக்கிறது, முதியோர் இல்லம் இருக்கிறது, பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது." இருக்கிறது, சரி. உன் வீட்டில் என்ன இருக்கிறது?

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியங்களை யோசித்துப் பார்க்க உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நம் வீட்டுக்குள்ளேயே விருந்தினராகிவிட்ட நம் பெரியவர்கள். அம்மாவின் தேக்குப் பெட்டியை மெருகு போட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறோம். வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுகிறோம். அம்மா எங்கே? பின்கட்டில், காற்று வராத அறையில். பழம்பொருளுக்கு இருக்கிற இடம் பழுத்த மனிதருக்கு இல்லையா? அந்த நான்கு பொருள்களையும் முதலில் அவர்கள் அறையில் தேடிப் பாருங்கள். நிம்மதியாகப் படுக்கக் கட்டில் இருக்கிறதா? அவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இருக்கை கிடக்கிறதா? இரவில் எழுந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் விளக்கு இருக்கிறதா?

இரண்டாவது, வெளியூரிலிருந்து வந்து நம் நடுவே வாழ்கிறவர்கள். நம் கட்டடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் செங்கல் சுமக்கிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்துக்கொள்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில், நோயாளியோடு வந்த உறவினர்கள் செய்தித்தாள் விரித்துத் தூங்குகிறார்கள். ‘ஆஸ்பத்திரி' என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் விருந்தினரைக் குறிப்பது. எல்லோராலும் வீட்டில் அறை ஒதுக்க முடியாது, எனக்குத் தெரியும். ஒரு வேளைச் சாப்பாடு முடியும். குளிக்க ஒரு வாளித் தண்ணீர் முடியும். சூனேம் பெண்ணும் சாப்பாட்டில்தான் தொடங்கினார். அறை பிறகு வந்தது.

மூன்றாவதை மனவேதனையோடு சொல்கிறேன். நம் வாசலுக்கு வருகிற சிலருக்குத் திண்ணைதான் எல்லை. உள்ளே வரக்கூடாது. தண்ணீர் கேட்டால் தனி டம்ளர். ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்திலிருந்து ஆண்டவரின் உடலை வாங்கும் நாம், திங்கட்கிழமை சாதி பார்த்துக் குவளையை மாற்றுகிறோம். ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்றார் இயேசு. தனிக் குவளையில் கொடுத்த தண்ணீருக்கு அந்த வாக்குறுதியைக் கேட்க நமக்கு வாயுண்டா? அந்த டம்ளரை இன்றைக்கே நம் அடுக்களையிலிருந்து எடுத்துவிடுங்கள். பவுல் அடியார் உரோமையருக்குச் சொல்வதை இரண்டாம் வாசகத்தில் கேட்டோம்: திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம், புதுவாழ்வு வாழ்வதற்காகவே அது. அடக்கம் செய்ததை மீண்டும் தோண்டி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

நம் மண்ணுக்கு விருந்தாக வந்தவர் புனித அருளானந்தர். லிஸ்பன் அரசவையில் வளர்ந்தவர், காவி உடுத்து நம் மக்களின் குடிசைகளில் தங்கினார். 1693-இல் ஓரியூர் மணலில் உயிரைக் கொடுத்தார். அவருக்குக் கூரை கொடுத்த வீடுகளின் வழியாகவும் இந்தச் சீமைக்கு விசுவாசம் வந்தது. கதவைத் திறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அன்பானவர்களே, இன்றைய முதல் வாசகம் 16-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளையில்லாத அந்தப் பெண்ணுக்கு மகன் பிறப்பான் என்ற வாக்குறுதியோடு முடிகிறது. மீதியை வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள்.

பிள்ளை பிறக்கிறான், வளர்கிறான். ஒருநாள் அறுவடை வயலில், தலை வலிக்கிறது என்று அப்பாவிடம் சொல்கிறான். வேலைக்காரர் தூக்கி வந்து தாயின் மடியில் கிடத்துகிறார். நண்பகல்வரை மடியில் இருந்தவன் இறந்துபோகிறான். அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையைத் தன் படுக்கைக்குக் கொண்டுபோகவில்லை. மாடியேறிப் போய், எலிசாவுக்கென்று போட்ட அந்தக் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்தினார். பிறகு இறைவாக்கினரைத் தேடிக் கார்மேல் மலைக்கு விரைந்தார். எலிசா வந்து, அதே அறையில், அதே கட்டிலில் பிள்ளையின் மேல் குனிந்து படுத்து மன்றாடினார். பையன் ஏழு முறை தும்மினான். கண்ணைத் திறந்தான்.

யாரோ ஒரு வழிப்போக்கருக்கு என்று போட்ட கட்டில், தன் பிள்ளைக்கு உயிர் கிடைத்த கட்டிலாயிற்று.

இன்னும் இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் பஞ்சம் வருகிறது. அந்தப் பெண் குடும்பத்தோடு ஏழு ஆண்டு அயல்நாட்டில் பிழைக்கிறார். திரும்பி வந்தால் வீடும் இல்லை, நிலமும் இல்லை. அரசரிடம் முறையிடப் போகிறார். அதே நேரத்தில், எலிசாவின் பணியாளர் கேகசி இந்தப் பிள்ளை உயிர்பெற்ற கதையைத்தான் அரசருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரசர் அந்தப் பெண்ணின் உடைமை எல்லாவற்றையும், அவர் ஊரைவிட்டுப் போன நாள் முதல் விளைந்த விளைச்சலோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடுகிறார். அந்தப் பெண் தன் வீட்டில் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார். முழு வீடும் திரும்பக் கிடைத்தது.

மறுநாள் காலையில் நான் புறப்படும்போது, அந்த ஆச்சி கட்டிலில் புதிய விரிப்பை விரித்துக்கொண்டிருந்தார். அடுத்து யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "தெரியாது சாமி. யாராச்சும் வருவாக" என்றார். வருகிறவர் யாரென்று தெரியாமலே விரித்து வைக்கிற அந்தக் கைகளுக்காக இன்று இந்தப் பீடத்தில் மன்றாடுகிறேன்.

ஆண்டவரே, எங்கள் முன்னோர் எங்களுக்கு விட்டுப்போனதற்காக நன்றி. அதை உமக்குத் திறந்து வைக்கும் மனதை எங்களுக்குத் தாரும். பெரியவராக, பசித்தவராக, வெளியூராராக, நாங்கள் தள்ளி வைத்தவராக நீர் வந்து எங்கள் கதவைத் தட்டும்போது, கட்டில் விரித்திருக்கட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். எங்கள் வீட்டு அறையை நீரும் ‘என் அறை' என்று சொல்லும்படி செய்தருளும். ஆமென்.